சட்டமாகும் முன்பா, சட்டமான பின்பா? இலங்கைக்குப் பொருந்தும் நீதிப் புனராய்வு எது

இலங்கையில் ஒரு சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில், அதாவது சபையின் அலுவல் நிரலில், ஏறிய நாளிலிருந்து ஒரு வாரம். அதை எதிர்க்க நினைக்கும் பிரஜைக்கு அரசியலமைப்பின் 121ஆம் உறுப்புரை தரும் அவகாசம் அவ்வளவுதான். அந்த வாரம் கழிந்து, சபாநாயகரும் சான்றுரைத்துவிட்டால், 80(3)ஆம் உறுப்புரை கதவைப் பூட்டிவிடும். அதன்பின் எந்த நீதிமன்றமும் எந்தக் காரணத்துக்காகவும் அந்தச் சட்டத்தின் செல்லுபடியைக் கேள்விக்குட்படுத்த முடியாது. பாக்கு நீரிணைக்கு அப்பால் நிலைமை நேர்மாறு: ஐம்பது ஆண்டு பழைய சட்டத்தையும் இன்றைக்கு நீதிமன்றத்தில் எதிர்க்கலாம்.

புதிய அரசியலமைப்புத் தருவதாக வாக்குறுதியளித்து 2024 நவம்பரில் வென்ற ஆளுந்தரப்பிடம் 225 ஆசனங்களில் 159 இருக்கிறது. மூன்றில் இரண்டுக்கு 150 போதும். ஆகவே நீதிப் புனராய்வை, அதாவது சட்டம் அரசியலமைப்புக்கு இணங்குகிறதா என்று நீதிமன்றம் பார்ப்பதை, எப்படி அமைப்பது என்பது இப்போது வெறும் வகுப்பறைக் கேள்வி அல்ல. முன்னால் உள்ள வழிகள் நான்கு: இருப்பதைச் செப்பனிடுவது, இந்திய முறை, பிரித்தானிய முறை, பிரெஞ்சு முறை. இந்தக் கட்டுரையில் ‘உயர் நீதிமன்றம்’ என்றால் கொழும்பு புதுக்கடையிலுள்ள இலங்கையின் அதியுயர் நீதிமன்றம். இந்தியாவின் அதியுயர் நீதிமன்றம் ‘உச்ச நீதிமன்றம்’.

இருக்கும் முறை எப்படி ஓடுகிறது

சட்டமூலம் முதலில் வர்த்தமானியில் வெளியாக வேண்டும். வர்த்தமானிக்கும் ஒழுங்குப் பத்திரத்துக்கும் இடையே 1978 இல் 7 நாள் இருந்தது. 2015 இல் 19ஆம் திருத்தம் அதை 14 ஆக்கியது. 2020 இல் 20ஆம் திருத்தம் மறுபடி 7 ஆகக் குறைத்தது. இந்த இடைவெளிதான் உண்மையில் மனு தயாரிக்கும் காலம். ஒரு வாரக் கணக்கு வர்த்தமானித் திகதியிலிருந்து அல்ல, ஒழுங்குப் பத்திரத் திகதியிலிருந்து ஓடும். மனுவை உயர் நீதிமன்றத்தில் கொடுக்கும் அதே வேளையில் அதன் பிரதியொன்று சபாநாயகரிடமும் சேர வேண்டும். இதை மறந்தால் சட்டமா அதிபரின் முதல் ஆட்சேபம் அங்கிருந்துதான் வரும்.

மனு தாக்கலானதும் பாராளுமன்றத்தில் அந்தச் சட்டமூலம் நின்றுவிடும். ஆனால் நீதிமன்றத்துக்கும் மூன்று வாரம்தான். அதற்குள் தீர்மானம் வராவிட்டால் பாராளுமன்றம் மேலே போகலாம். தீர்மானம் பொதுவாக மூன்று வகைகளில் ஒன்றாக இருக்கும்: சாதாரணப் பெரும்பான்மை போதும், மூன்றில் இரண்டு வேண்டும், மூன்றில் இரண்டோடு சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும். ‘இந்த வாசகத்தை இப்படித் திருத்தினால் சாதாரணப் பெரும்பான்மை போதும்’ என்று வழிகாட்டுவதும் உண்டு.

இந்த முறையின் நன்மைகளைக் குறைத்துப் பேசக் கூடாது. எந்தப் பிரஜையும் வரலாம், ‘உனக்கென்ன பாதிப்பு’ என்று யாரும் கேட்பதில்லை. ஒரு மாதத்துக்குள் விடை கிடைக்கும். யாரும் கைதாகும் முன்பே, எந்தக் காணியும் பறிபோகும் முன்பே பிழை தெரியவரும். ஒரு சட்டத்தை நம்பி வங்கி கடன் கொடுத்தது, கம்பனி முதலீடு செய்தது, பிறகு எல்லாம் செல்லாது என்றாகிவிட்டது என்ற குழப்பமும் இல்லை.

கோளாறுகள் வேறு இடத்தில் இருக்கின்றன. முதலாவது, காகிதத்தில் இருக்கும் ஒரு வாசகம் நடைமுறையில் யாரை எப்படிக் கடிக்கும் என்பதை மூன்று வாரத்தில் யாரும் முழுதாக ஊகிக்க முடியாது. இரண்டாவது, பரிசோதனை நடப்பது அரசாங்கம் அந்தச் சட்டத்தை மிகத் தீவிரமாக விரும்பும் வேளையில். 2012 இல் வறுமை ஒழிப்புக்கான திவிநெகும சட்டமூலம் எல்லா மாகாண சபைகளுக்கும் போக வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. சில மாதங்களில், 2013 ஜனவரியில், பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க குற்றப்பிரேரணையால் பதவி நீக்கப்பட்டார். நீதிமன்றமும் அமைச்சரவையும் ஒரே வாரத்தில் நேருக்கு நேர் மோதும்படி அமைத்துவிட்டு நீதித்துறைச் சுதந்திரத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

மூன்றாவதுதான் மிகப் பெரிய ஓட்டை: குழுநிலைத் திருத்தம். நீதிமன்றம் பார்ப்பது வர்த்தமானியில் வந்த பிரதியை. சபை சட்டமூலத்தைப் பிரிவு பிரிவாக விவாதிக்கும் குழுநிலையில் சேர்க்கப்படும் வாசகங்கள் அதன் கண்ணில் படுவதேயில்லை. 2017 இல் மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டமூலம் வேட்புமனுக்களில் பெண்களுக்கு இடம் ஒதுக்குவதற்காக வந்தது. குழுநிலையில் அதற்குள் ஒரு முழுப் புதிய தேர்தல் முறையே நுழைக்கப்பட்டது. புதிய முறைக்கு எல்லை நிர்ணயம் தேவை; அது முடிவுக்கு வரவில்லை. சபைகளின் காலம் முடிந்த பின் மாகாணத் தேர்தலே நடக்கவில்லை. 2013 இல் வாக்களித்த வடக்கு மாகாண வாக்காளர் ஒருவருக்கு இந்தச் சட்டத்தை எதிர்க்க எந்தக் கட்டத்திலும் வாய்ப்பு இருக்கவில்லை: வர்த்தமானியில் வந்தபோது எதிர்க்க அதில் ஒன்றுமில்லை, சட்டமானபோது 80(3) வந்துவிட்டது.

2024 இல், இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் இதே ஓட்டை மறுபக்கமாகத் திறந்தது. நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் முழுமையாகச் சேர்க்கப்படாமலே சபாநாயகர் சான்றுரைத்தார் என்று எதிர்க்கட்சி குற்றம் சாட்டியது. அது உண்மையா என்று பார்க்க நீதிமன்றத்துக்கு வழியில்லை. மிஞ்சிய ஒரே வழி சபாநாயகருக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை. சபாநாயகர் பெரும்பான்மையின் ஆள் என்பதால் அது தோற்றதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

அவசர சட்டமூலம் என்ற பாதையும் இருந்தது. அமைச்சரவை ‘தேசிய நலன் கருதி அவசரம்’ என்று குறித்தால் உயர் நீதிமன்றத்துக்குக் கிடைப்பது 24 மணி நேரம். ஜனாதிபதி நீட்டினால் 3 நாள். ஜனாதிபதி பதவிக்கால வரம்பை நீக்கிய 18ஆம் திருத்தம் 2010 இல் இந்தப் பாதையில்தான் வந்தது. வர்த்தமானி இல்லை, பொதுமக்களுக்குப் பிரதி இல்லை. 2015 இல் ஒழிக்கப்பட்ட இந்த ஏற்பாடு 2020 இல் குறுகிய வடிவில் திரும்பி வந்தது. எந்தப் புதிய வரைவிலும் முதலில் தேட வேண்டிய சொல் ‘அவசரம்’.

பாதி வலிமையான நீதிமன்றம்

இலங்கை நீதிமன்றங்கள் பலவீனமானவை என்று பொதுவாகச் சொல்வது சரியல்ல. நிறைவேற்றுத்துறைக்கு எதிராக அவற்றின் கை நீளமானது. 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் அடிப்படை உரிமை மனு போடலாம். 140ஆம் உறுப்புரையின் கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) கேட்கலாம். 2018 நவம்பர் 9 ஆம் திகதி ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தார். 13 ஆம் திகதி இடைக்கால உத்தரவு வந்தது. டிசம்பர் 13 ஆம் திகதி, சம்பந்தன் முதல் மனுதாரராக இருந்த வழக்கில், ஏழு நீதியரசர்களும் ஏகமனதாகக் கலைப்பு செல்லாது என்றனர்: நாலரை ஆண்டு முடியும் முன் கலைக்க வேண்டுமானால் சபையின் மூன்றில் இரண்டு தீர்மானம் வேண்டும். ஐந்து வாரத்தில் ஒரு ஆட்சி நெருக்கடி தீர்ந்தது. 2022 ஜூலையில் பதில் ஜனாதிபதி பிறப்பித்த அவசரகாலப் பிரகடனமும் 2025 இல் பெரும்பான்மைத் தீர்ப்பில் தவறெனக் காணப்பட்டது.

ஆக, ஜனாதிபதியின் கட்டளையை நீதிமன்றம் உடைக்கலாம். அதே உள்ளடக்கம் சட்டமாக வந்தால் தொட முடியாது. புத்தியுள்ள எந்த அரசாங்கமும் இதிலிருந்து என்ன கற்றுக்கொள்ளும் என்று சொல்லத் தேவையில்லை. ஒழுங்குவிதியாகச் செய்ய வேண்டியதைக்கூடச் சட்டத்துக்குள் போட்டுவிட்டால் பாதுகாப்பு. சமநிலை சாய்வது நிறைவேற்றுத்துறையின் பக்கமா, சட்டவாக்கத்துறையின் பக்கமா என்ற கேள்விக்கு இலங்கையின் விடை விசித்திரமானது: பாராளுமன்றப் பெரும்பான்மை கையிலிருக்கும் நிறைவேற்றுத்துறையின் பக்கம்.

1972க்கு முன் நிலைமை வேறு. 1962 சதிப்புரட்சி வழக்குக்கென்றே எழுதப்பட்ட விசேட குற்றச் சட்டத்தை, அன்று இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் லியனகே வழக்கில் செல்லாது என்றது. நீதிபதிகளின் வேலையைப் பாராளுமன்றம் எடுத்துக்கொண்டது என்பது காரணம். ஆனால் அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கவும் வேண்டாம். மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டத்தை அதே பிரிவி கவுன்சில் 1953 இல் செல்லும் என்றது. தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்த அரச ஊழியர் கோடீஸ்வரனின் வழக்கு 1964 இல் மாவட்ட நீதிமன்றத்தில் வென்று, மேல்முறையீட்டில் தோற்று, 1969 இல் பிரிவி கவுன்சில் வரை போய், மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்விக்கு இறுதி விடை கிடைக்காமலே முடிந்தது. கதவு திறந்திருந்தாலும் உள்ளே இருப்பவர் எழுந்து வர வேண்டும்.

இந்திய முறை: எப்போதும், எங்கும்

இந்தியாவில் 13ஆம் உறுப்புரை அடிப்படை உரிமைக்கு முரணான சட்டம் செல்லாது என்கிறது. 32ஆம் உறுப்புரை உச்ச நீதிமன்றத்துக்கும், 226ஆம் உறுப்புரை மாநில உயர் நீதிமன்றங்களுக்கும் வழி விடுகின்றன. 1973 ஏப்ரல் 24 ஆம் திகதி கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் 7க்கு 6 என்று பிரிந்து, அரசியலமைப்புத் திருத்தமேயானாலும் அடிப்படைக் கட்டமைப்பை உடைக்கக் கூடாது என்றனர். நீலகிரி கூடலூரின் ஜன்ம நிலச் சட்டத்தை, நீதிமன்றத்துக்கு எட்டாதபடி சட்டங்களை வைக்கும் ஒன்பதாம் அட்டவணைக்குள் வைத்துப் பாதுகாத்த விவகாரம் 2007 இல் கோயெல்ஹோ தீர்ப்பாக முடிந்தது: 1973க்குப் பின் அந்த அட்டவணையில் சேர்க்கப்பட்டவையும் பரிசோதனைக்கு உரியவையே. தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டம் 1994 இல் அதே அட்டவணைக்குள் போனது என்பதை நினைத்தால் இதன் கனம் புரியும்.

கேட்கக் கவர்ச்சியாக இருக்கிறது. விலை என்ன? காலம். பெயர் வெளியாகாமல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்துக்கு 2017 இல் சட்டம் இயற்றப்பட்டது. பத்திரங்கள் 2018 இல் விற்பனைக்கு வந்தன. 2021 மார்ச்சில் இடைக்காலத் தடை மறுக்கப்பட்டது. 2024 பெப்ரவரி 15 ஆம் திகதி ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் செல்லாது என்றனர். இடையில் ஒரு பொதுத் தேர்தலே அந்தப் பணத்தில் நடந்து முடிந்தது. மறுபுறம், மூன்று வேளாண் சட்டங்களுக்கு 2021 ஜனவரியில் அதே நீதிமன்றம் விரைவாகத் தடை விதித்தது, அரசியலமைப்புக் கேள்வியை விசாரிக்கும் முன்பே. எதை எப்போது பட்டியலிடுவது, எத்தனை பேர் கொண்ட அமர்வுக்கு அனுப்புவது என்பது தலைமை நீதிபதியின் கையில். கால வரம்பில்லாத புனராய்வில் அதிகாரம் நீதிமன்றத்துக்குப் போகிறது என்பார்கள். நுணுக்கமாகப் பார்த்தால் வழக்குப் பட்டியலைப் போடுபவரிடம் போகிறது.

இன்னொரு எச்சரிக்கை தமிழ்நாட்டிலிருந்தே. ஆளுநர் நிறுத்திவைத்த 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளலாம் என்று 2025 ஏப்ரல் 8 ஆம் திகதி இரு நீதிபதிகள் 142ஆம் உறுப்புரையைக் கொண்டு தீர்த்தனர். நவம்பர் 20 ஆம் திகதி, குடியரசுத் தலைவர் கேட்ட கருத்துக்குப் பதிலளித்த ஐவர் அமர்வு, அப்படிக் ‘கொள்ளப்பட்ட ஒப்புதல்’ கிடையாது, காலக்கெடுவும் விதிக்க முடியாது என்றது. எட்டு மாதத்துக்குள் ஒரே நீதிமன்றத்தின் இரண்டு குரல். ஏறக்குறைய முப்பது பேர் சிறு அமர்வுகளாகப் பிரிந்து உட்காரும் மன்றத்தில் இது நடக்கும். இலங்கையில் இந்த ஆபத்து சிறியது, அமர்வுகள் குறைவு.

பிரித்தானிய முறை: சொல்லலாம், உடைக்க முடியாது

இதில் நீண்ட நேரம் நிற்க வேண்டியதில்லை. 1998 மனித உரிமைகள் சட்டத்தின் 4ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் ‘இச்சட்டம் உரிமைகளுக்கு முரணானது’ என்று பிரகடனம் செய்யும். சட்டம் தொடர்ந்து அமுலில் இருக்கும். 2004 டிசம்பரில் வெளிநாட்டுச் சந்தேகநபர்களைக் காலவரையின்றி அடைத்துவைத்த சட்டத்தை பிரபுக்கள் சபையின் ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் முரண் என்றார்கள். அடுத்த ஆண்டே பாராளுமன்றம் அதை மாற்றியது. அங்கே இது வேலை செய்வதற்கு ஒரு காரணம் ஸ்ட்ராஸ்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வெளியே காத்திருப்பது. இலங்கைக்கு அப்படியொரு வெளி அழுத்தம் இல்லை: சிங்கராசா வழக்கில் 2006 இல் உயர் நீதிமன்றம், ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குத் தனிநபர் முறையிட வழிசெய்த இணக்கத்தையே அரசியலமைப்புக்கு முரண் என்றது. வெறும் பிரகடனம் இங்கே கோப்பில் தூங்கும்.

பிரெஞ்சு முறை: இரண்டு கதவுகள்

பிரான்ஸ்தான் இலங்கைக்கு மிக நெருங்கிய உறவு, ஏனென்றால் அதுவும் முன்கூட்டிய பரிசோதனையோடு மட்டும் தொடங்கியது. 1958 அரசியலமைப்பில் சட்டமூலத்தை, சட்டங்களைப் பரிசோதிக்கும் பிரெஞ்சு அரசியலமைப்புப் பேரவைக்கு (இதே பெயரிலுள்ள இலங்கைப் பேரவை வேறு) அனுப்பக்கூடியவர்கள் நால்வர்: ஜனாதிபதி, பிரதமர், இரு சபைகளின் தலைவர்கள். 1974 இல் 60 உறுப்பினர்களுக்கும் அந்த உரிமை வந்தது. பேரவைக்கு ஒரு மாதம், அவசரமானால் 8 நாள். அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2008 திருத்தத்தால், 2010 மார்ச் 1 முதல் இரண்டாவது கதவு திறந்தது.

அது இயங்கும் விதம் கவனிக்கத் தக்கது. நடந்துகொண்டிருக்கும் வழக்கொன்றில் தரப்பொன்று ‘எனக்கு எதிராகப் பயன்படும் இந்தச் சட்டம் என் உரிமையை மீறுகிறது’ என்று எழுத்தில் எழுப்புகிறது. கீழ் நீதிமன்றம் மூன்று விடயங்களைப் பார்க்கிறது: அந்தச் சட்டம் இந்த வழக்குக்குப் பொருந்துகிறதா, ஏற்கனவே செல்லும் என்று சொல்லப்பட்டதா, கேள்வி வலுவானதா. தேறினால் உச்ச நிர்வாக நீதிமன்றத்துக்கோ மேன்முறையீட்டு உச்ச மன்றத்துக்கோ போகும். அங்கே 3 மாதம். அங்கும் தேறினால் பேரவை. அங்கே 3 மாதம். சட்டத்தை நீக்கும்போது எந்தத் திகதியிலிருந்து என்பதையும் பேரவையே குறிக்கும்.

இந்தக் கடைசி அம்சத்தில் ஒரு பொறி உண்டு. 2010 ஜூலை 30 ஆம் திகதி பொலிஸ் தடுப்புக்காவல் விதிகளைப் பேரவை முரண் என்றது, ஆனால் புதிய சட்டம் எழுத 2011 ஜூலை 1 வரை அவகாசம் கொடுத்தது. பிழையென்று தெரிந்த விதியின் கீழ் மேலும் ஓராண்டு ஆட்கள் அடைக்கப்படலாம் என்பதுதான் அதன் பொருள். 2011 ஏப்ரல் 15 ஆம் திகதி மேன்முறையீட்டு உச்ச மன்றம் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையைக் காட்டி அந்த அவகாசத்தைத் தாண்டிச் சென்றது.

எதை எடுப்பது

எங்கள் தெரிவு பிரெஞ்சு வழி: முதற்கதவை அகலமாக்கி, இரண்டாவது கதவைத் திறப்பது. முன்கூட்டிய பரிசோதனையைக் கைவிட்டு இந்திய முறைக்கு முழுதாக மாறச் சொல்பவர்கள், எந்தப் பிரஜையும் ஒரு மாதத்தில் விடை பெறும் அரிய வசதியை ஏன் தூக்கியெறிய வேண்டும் என்று சொல்வதில்லை. ஆனால் 80(3)ஐ நீக்கினால் எல்லாம் சரியாகும் என்று நம்புவோரும் இருக்கிறார்கள். அங்கேதான் வரைவாளர்கள் சறுக்குவார்கள்.

காரணம் 84ஆம் உறுப்புரை. அரசியலமைப்புக்கு முரணான சட்டமூலத்தைக்கூட, அரசியலமைப்பைத் திருத்தாமலே, மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் சட்டமாக்கலாம் என்கிறது அது. அப்படிப் போகும் என்று அமைச்சரவை முன்கூட்டியே சான்றுப்படுத்தினால், உயர் நீதிமன்றம் கேட்கக்கூடியது சர்வசன வாக்கெடுப்புத் தேவையா என்பதை மட்டுமே. 1979 இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் அப்படித்தான் வந்தது: அவசர சட்டமூலமாக, மூன்றில் இரண்டோடு. தற்காலிகம் என்று வந்தது 1982 இல் நிரந்தரமானது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் அதன்கீழ் சாட்சியமாகும். தடுப்புக் கட்டளையின் 18 மாத உச்சவரம்பு 2022 இல்தான் 12 ஆனது. 80(3) மட்டும் நீங்கினால், ‘முரண் என்று தெரிந்தே சிறப்புப் பெரும்பான்மையால் நிறைவேற்றினோம்’ என்ற பதில் சட்டமா அதிபரிடம் தயாராக இருக்கும். 84 போக வேண்டும். பழைய சட்டங்கள் அடிப்படை உரிமைக்கு முரணானாலும் செல்லும் என்னும் 16ஆம் உறுப்புரையும் போக வேண்டும். இல்லாவிட்டால் 1978க்கு முந்திய சட்டங்கள் அனைத்தும் தப்பிவிடும்.

முதற்கதவில் செய்ய வேண்டியவை இவை. ஒழுங்குப் பத்திரத்திலிருந்து மூன்று வாரம் மனுவுக்கு, ஆறு வாரம் நீதிமன்றத்துக்கு. குழுநிலையில் சேரும் புதிய விடயம் எதுவும் மூன்றாம் வாசிப்புக்கு முன் வர்த்தமானியில் வந்து, குறைந்தது ஒரு வாரம் எதிர்ப்புக்குத் திறந்திருக்க வேண்டும். சபாநாயகரின் சான்றுரையோடு, நீதிமன்றம் கேட்ட ஒவ்வொரு திருத்தத்துக்கும் எதிரே இறுதி வாசகத்தைக் காட்டும் அட்டவணையைச் சட்டமா அதிபர் இணைக்க வேண்டும். இந்த அட்டவணை இருந்திருந்தால் 2024 இன் சர்ச்சையை ஒரு பிற்பகலில் தீர்த்திருக்கலாம்.

இரண்டாவது கதவில் பாதிக்கப்பட்டவர் தன் வழக்கிலேயே கேள்வியை எழுப்ப, எந்த நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அங்கே வடிகட்டல் இரண்டு மாதம், உயர் நீதிமன்றத்தில் ஐவருக்குக் குறையாத அமர்வில் நான்கு மாதம். காலம் மீறினால் என்ன விளைவு என்பதைப் பிரிவிலேயே எழுத வேண்டும். 126ஆம் உறுப்புரை அடிப்படை உரிமை மனுவை இரண்டு மாதத்தில் முடிக்கச் சொல்கிறது, ஆனால் முடிக்காவிட்டால் ஒன்றும் நடப்பதில்லை. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. வடிகட்டல் காலம் முடிந்தால் கேள்வி தானாக உயர் நீதிமன்றத்துக்கு ஏற வேண்டும். சட்டம் இயற்றி இரண்டு ஆண்டுக்குள் மட்டுமே எதிர்க்கலாம் என்ற சமரச யோசனையை ஏற்க முடியாது. தடுப்புச் சட்டங்கள் கடிக்கத் தொடங்குவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

நீக்கத்தை ஒத்திவைக்கும் அதிகாரம் தேவை, குறிப்பாக வரிச் சட்டங்களுக்கு. ஆனால் ஆள் தடுப்பு, கைது, வாக்குமூலம் தொடர்பான விதிகளுக்கு ஒத்திவைப்புப் பொருந்தாது என்று எழுத்தில் இருக்க வேண்டும். கேள்வியை எழுப்பியவருக்கு எப்படியும் அன்றே பலன் கிடைக்க வேண்டும்.

80, 84, 16 எதுவும் சர்வசன வாக்கெடுப்பு தேவையென்று 83ஆம் உறுப்புரை பெயர் சொல்லும் பட்டியலில் இல்லை. அதனால் புதிய அரசியலமைப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு தனித் திருத்தச் சட்டமூலம் 150 வாக்கோடு இதைச் செய்யலாம். அந்தச் சட்டமூலமும் ஒரு வார அவகாசத்தில் உயர் நீதிமன்றத்தின் முன் போகும். மக்களின் இறைமையைச் சொல்லும் 3ஆம் உறுப்புரையைத் தொடுகிறது என்று யாராவது வாதாடுவார்கள் என்பது நிச்சயம். அதற்கான எழுத்துச் சமர்ப்பணத்தை வர்த்தமானிக்கு அனுப்பும் முன்பே சட்டமா அதிபர் திணைக்களம் தயாராக வைத்திருக்க வேண்டும்.